ஒரு தலை குறைந்த காலை

மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் நான் தைரியசாலி. அதற்குச் சம்பளம் உண்டு. மீதி ஒன்பது மாதம் யாரும் சம்பளம் தராததால் இயல்பாக இருப்பேன். அண்ணனின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்துகொண்டு, மின்சாரம் போனால்கூட நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன்.

தைரியசாலியாக இருக்கும் மாதங்களில் என் வேலை இதுதான். பட்டணத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை நான்கு நாள் பழவேற்காடு ஏரிக்குக் கூட்டிப் போவேன். இரண்டிரண்டு பேராகக் கயாக்கில் உட்கார்த்தி, துடுப்புப் போட்டு ஏரியைக் கடக்கவைப்பேன். மணல் திட்டில் கூடாரம் அடிக்கச் சொல்வேன். அவர்கள் பொங்கிய சோற்றை அவர்களையே தின்னச் சொல்வேன். அதுதான் இருப்பதிலேயே ஆபத்தான பயிற்சி. சாயங்காலங்களில் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, பயம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பாடம் நடத்துவேன். நில். மூச்சு விடு. சுற்றிப் பார். யோசி. அப்புறம் செய். ஐந்தையும் விரல் மடக்கிச் சொல்லித் தருவேன். இந்தக் கதை நடந்தபோதே பதினோரு வருடமாகச் சொல்லித் தந்துகொண்டிருந்தேன். சொல்லித் தருகிறவனுக்கும் அது வரவேண்டும் என்று விதிமுறைப் புத்தகத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

என் பதற்றம் உறவுக்காரர்கள் மத்தியில் பிரசித்தம். எனக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். தண்ணீருக்குத்தான் என்மேல் நம்பிக்கை இல்லை. மகளுக்கு இரண்டு வயதில் ஒருநாள் விக்கல் நிற்கவில்லை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து, சிவப்பு விளக்கையெல்லாம் தாண்டச் சொல்லி, ஆஸ்பத்திரி வாசலில் குதித்து இறங்கிய பிறகுதான் கவனித்தேன். மகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

இந்தக் கதையை நான் கல்யாண வீடுகளில் சொல்வேன். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நடித்துக் காட்டுவேன். பந்தியில் புரையேறும் அளவுக்குச் சிரிப்பார்கள். மனைவி மட்டும் சிரிக்கமாட்டாள். ஒருமுறை, எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, "அன்னைக்குக் கொழந்த வீட்டுல தனியா இருந்தா" என்று மட்டும் சொன்னாள். நானே சொல்லிச் சொல்லித் தேய்த்த கதைக்குள் ஒரு குழந்தை பூட்டிய வீட்டில் தனியாக விக்கிக்கொண்டிருந்தது என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

நாங்கள் பிரிந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. மகள் அம்மாவிடம்; எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள். ஞாயிற்றுக்கிழமை அப்பா வேலை சுலபம். ஐஸ்கிரீம் கடைக்கு வழி தெரிந்தால் போதும். அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த வருடம் மனைவிக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. ஜூன் மாதம் போயாக வேண்டும். மகள் கூடப் போவதா, பத்தாவது படிக்கிற நேரத்தில் பள்ளிக்கூடத்தை மாற்றாமல் என்னோடு சென்னையிலேயே இருப்பதா? "அவளே முடிவு பண்ணட்டும்" என்று மனைவி விட்டுவிட்டாள்.

மகள் இரண்டு வாரம் யோசித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்:

"பொங்கல் லீவுல உங்க கேம்புக்கு நானும் வரேன்ப்பா. நாலு நாள். உங்ககூட இருக்க முடியுமானு பாக்கறேன்."

"எனக்குப் பரீட்சையா?"

"ஆமா. ரெண்டு ரூல். நான் உங்க பொண்ணுனு யாருக்கும் தெரியக்கூடாது. சார்னுதான் கூப்பிடுவேன். ரெண்டாவது, எனக்குனு தனியா பதறக்கூடாது. பன்னெண்டு பேர்ல நான் ஒருத்தி, அவ்ளோதான்."

"எல்லாருக்கும் சேத்து மொத்தமா பதறலாமா?"

"அதுவும் கூடாது."

விண்ணப்பத்தில் அம்மாவின் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தாள். நான் அந்த விண்ணப்பத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

எங்கள் பயணம் எப்போதும் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தில்தான் தொடங்கும். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு நிற்கும். "இவங்க ரெண்டு பேரும் எனக்கு முன்னாடி இந்த வேலை பார்த்தவங்க" என்பேன். "பசங்க சொன்ன பேச்சுக் கேக்கல. கவலையிலயே இப்படி எளைச்சுட்டாங்க." டச்சுக்காரர்களே இந்த ஊரில் அத்தனை நாள் தாக்குப்பிடிக்கவில்லை, உங்கள் ஜோக் தாக்குப்பிடிக்கிறது என்பாள் என்னோடு வேலை பார்க்கும் பயிற்றுநர்ப் பெண். அன்று மகள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. பன்னிரண்டு பேரில் ஒருத்தியாகத்தான் பார்க்க வேண்டும் என்பதால், நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, அவளிடம் வரும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகக் கடந்தேன்.

எண்ணுவதற்காக எல்லாருக்கும் சீட்டுக் குலுக்கி எண் கொடுப்போம். கயாக்கில் ஏறும்போதும் இறங்கும்போதும் அவரவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பன்னிரண்டு விழுந்தது.

எங்களுக்குத் துணைப் படகு ஓட்டுகிறவர் ஏரியை ஒட்டிய மீனவர் ஊரான பசியாவரத்துக்காரர். என் வயதுதான். கயாக்குகளுக்குப் பின்னால் அவருடைய ஃபைபர் படகு வரும்; யாராவது கவிழ்ந்தால் தூக்கிப்போட்டுக்கொள்வார். என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று பதினோரு வருடத்தில் என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை. முதல் நாள் சாயங்காலமே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பன்னெண்டாம் நம்பரு உன் பொண்ணுதானே சார்?"

"உங்களுக்கு யாரு சொன்னா தலைவரே?"

"உன் மூஞ்சிதான் சொல்லுது. மத்த பசங்களப் பாக்க சொல்லோ நல்லாத்தான் கீது. அத்தப் பாக்க சொல்லோ திருடன் மாதிரி ஆயிடுது."

விஷயத்தைச் சொன்னேன். பரீட்சை, இரண்டு விதி, ஜூன் மாதம், எல்லாவற்றையும். அவர் பீடியை மணலில் குத்தி அணைத்துவிட்டு, "அப்ப நாலு நாளு நீ நீயா இருக்கக்கூடாது, அவ்ளோதானே? ஈஸி சார்" என்றார்.

ஈஸியாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் ஏரி நடுவில் ஒரு கயாக் கவிழ்ந்து இரண்டு பையன்கள் தண்ணீரில் விழுந்தார்கள். நான் கையை உயர்த்தி, நிதானமான குரலில், "ஒண்ணுமில்ல, கயாக்கப் பிடிச்சுக்கிட்டு மிதங்க" என்றேன். உள்ளுக்குள் அதற்குள் நான் மூன்று முறை செத்துப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. ஆனால் வெளியே வந்தது அந்தக் குரல்தான். மகளின் கயாக் என்னை ஒட்டிக் கடந்தது. துடுப்பை நிறுத்தாமலே, "நல்லா பண்றீங்க சார்" என்றாள்.

அன்று சோற்றில் மணல் இருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

சாயங்காலம் படகுக்காரர் ஒரு நீள மூங்கில் கழியும் ஒரு சிவப்புத் துண்டும் கொண்டுவந்தார்.

"நாளைக்கு எங்க பாடு சார். நான் வர முடியாது."

பாடு என்பது முறை. ஏரியில் மீனும் இறாலும் நன்றாக விழும் இடங்களை ஊர்க்காரர்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் முறை வரும் நாளில் அந்த இடத்தில் நீங்கள் வலை சுற்றலாம். வேறு யாரும் வரமாட்டார்கள். அன்றைக்குத் தவறவிட்டால் முறை எல்லாரையும் சுற்றிவிட்டு மறுபடி உங்களிடம் வரும்வரை கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம்தான் இருப்பதிலேயே நல்ல இடம். மறுநாள் அது பசியாவரத்துக்காரர்களுடையது.

"நீங்க தெரியற தூரத்துலதான் இருப்போம்" என்றார். "உயிருக்கு ஒண்ணுன்னா இந்தத் துண்ட கழில கட்டித் தூக்கு. எவன் பாட்டுல நின்னாலும், வல பாதி சுத்தி இருந்தாலும், அப்டியே போட்டுட்டு வந்தே ஆவணும். அது எங்க ஊரு கட்டு. வெளி ஆளு கையில குடுத்தது இல்ல. உன்கிட்ட குடுக்கறேன்."

"பசிச்சா தூக்கலாமா?"

"தூக்கிப் பாரு. அப்புறம் நாங்க உன்னத் தூக்குவோம்."

மூன்றாம் நாள் காலையில் தனிமைப் பயிற்சி. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெரிய மரியாதை உண்டு. பிள்ளைகளை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள முடியாத தூரத்தில் தனித்தனியாக உட்காரவைப்போம். ஒரு மணி நேரம் பேச்சு கிடையாது, கைபேசி கிடையாது. கையில் ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும். பயிற்றுநர் பக்கத்தில் போகக்கூடாது. எட்ட நின்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பைனாகுலரில் தலையை எண்ண வேண்டும். ஏதாவது அவசரம் என்றால் விசிலை மூன்று முறை ஊதுவோம். அதைக் கேட்டதும் எங்கே இருந்தாலும் எழுந்து நின்று கையைத் தூக்க வேண்டும். இதை மட்டும் முந்தின நாளே ஆறு முறை ஒத்திகை பார்த்திருந்தோம்.

பன்னிரண்டாம் நம்பரைத் திட்டின் கடைசி முனையில் உட்காரவைத்தேன். தனிக்கவனிப்பு இல்லை என்பதை நிரூபிப்பதற்காகவே இருப்பதிலேயே தூரமான இடத்தைக் கொடுத்தேன். அங்கிருந்து நூறடியில் பெண்கள் நான்கு பேர் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வலையும் இல்லை, படகும் இல்லை. கழுத்துவரை தண்ணீர் மூடும்படி குந்தி, கையைச் சேற்றில் அளைந்துகொண்டே நகர்வார்கள். விரலில் இறால் தட்டுப்பட்டால் பிடித்து, பல்லால் கவ்விக்கொண்டிருக்கும் பறி என்ற பனையோலைக் கூடையில் போடுவார்கள். எட்ட நின்று பார்த்தால் தண்ணீரின்மேல் தலைகள் மட்டும் மெல்ல ஊர்ந்துபோகும். நல்ல காட்சி. நான்கு தலை என்று எண்ணிக்கூட வைத்தேன். தொழில் புத்தி.

முதல் பத்து நிமிடம், பன்னிரண்டு பேர். இரண்டாவது பத்து நிமிடம், பன்னிரண்டு. மூன்றாவதில் பதினொன்று.

மறுபடி எண்ணினேன். பதினொன்று. பைனாகுலரைத் துடைத்துவிட்டு எண்ணினேன். கடைசி முனையில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மட்டும் மணலில் கிடந்தது.

ஓடினேன். ஜாக்கெட் கழற்றி மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேலே நோட்டுப் புத்தகம். பக்கத்தில் செருப்புகள், ஜோடியாக, தண்ணீரைப் பார்த்து. பத்திரிகையில் இப்படித்தான் படம் போடுவார்கள்.

நில் என்பதை விட்டுவிட்டேன். மூச்சு தானாகவே நின்றுபோனது. சுற்றிப் பார் என்ற இடத்தில் செருப்பை மட்டும் பார்த்தேன். யோசிப்பதற்கு ஆள் இல்லை. நேராக ஐந்தாவது விரலுக்குப் போய்விட்டேன். கூடாரத்துக்கு ஓடிவந்து, கழியை எடுத்து, துண்டைக் கட்டினேன். அரிசி களைந்துகொண்டிருந்த பயிற்றுநர்ப் பெண், "என்ன சார்? விசில் ஊதினீங்களா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தாள். விசில் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடும்போது அது நெஞ்சில் டக் டக் என்று அடித்துக்கொண்டேதான் வந்தது. நான் கழியைத் தூக்கினேன்.

முகத்துவாரத்துப் பக்கம் ஒன்பது படகுகள் வட்டம் கட்டியிருந்தன. வலை முக்கால்வாசி சுற்றி வந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் வாயைச் சேர்த்துவிடுவார்கள். அது என் கண்ணுக்கே தெரிந்தது. சிவப்புத் துண்டு காற்றில் பிரிந்த அந்தக் கணத்தில், ஒன்பது படகிலும் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. பிடித்திருந்த கயிற்றை விட்டார்கள். வட்டம் உடைந்தது. ஒன்பது எஞ்சினும் ஒரே நேரத்தில் உறுமத் தொடங்கின. என் வாழ்நாளில் எனக்காக அத்தனை பேர் ஒன்றாகத் திரும்பியது அந்த ஒரு தடவைதான்.

நான் தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருந்தேன். "எம் பொண்ணு! எம் பொண்ணு தண்ணில போயிட்டா! எம் பொண்ணு!" என்று கத்தியதாகப் பிறகு சொன்னார்கள். பதினோரு பிள்ளைகளும் தங்கள் தனிமையை விட்டு எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

படகுகள் வந்த வேகத்தில் ஆறேழு பேர் அப்படியே குதித்தார்கள். குதித்தவர்கள் முட்டியளவு தண்ணீரில் நின்றார்கள்.

"எங்க சார்? எங்க போச்சு?" படகுக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "சொல்லு சார், எந்தப் பக்கம்? இங்க முங்கறதுக்குத் தண்ணியே இல்லியே!"

அப்போதுதான் நான் அந்தப் பக்கம் திரும்பினேன். இறால் தடவும் பெண்கள் அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரின்மேல் ஐந்து தலைகள்.

கால் மணி நேரமாக ஐந்து தலைகள் அங்கே இருந்திருக்கின்றன. தலையை எண்ணுவதையே பிழைப்பாக வைத்திருந்த நான் என் பட்டியலில் இருந்தவர்களை மட்டும்தான் எண்ணியிருக்கிறேன்.

ஐந்தாவது தலை எழுந்து நின்றது. முடியை மூடி ஒரு கட்டம் போட்ட துண்டு. கழுத்துவரை சேறு. பல்லில் ஓலைப் பறி. அதைக் கவ்விக்கொண்டிருந்ததால் அவளால் உடனே பேச முடியவில்லை. மெதுவாக அதை வாயிலிருந்து எடுத்தாள்.

"அப்பா. நான் இங்கதான் இருக்கேன்."

மூன்று நாளாக நான் ஏங்கிக்கொண்டிருந்த வார்த்தை. பதினோரு பிள்ளைகளும் ஒன்பது படகும் கேட்கும்படி வந்தது.

பிள்ளைகளில் யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். படகிலிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் முகத்துவாரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வலை ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டு போனது.

"போச்சா?" என்றார் ஒருவர்.

"போச்சு."

அவ்வளவுதான். ஒரு இளவட்டம் மட்டும் பொறுக்காமல் என்னிடம் வந்தான். "இன்னாத்துக்குய்யா தூக்கின? கொயந்த கல்லு மாதிரி கண்ணெதிர்ல குந்திகினு கீது!"

"உடுடா" என்றார் படகுக்காரர். "பெத்தவன் தூக்கிட்டான்."

"பெத்தவன்னா எண்ணத் தெரியாதா?"

படகுக்காரர் அவனை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். என் கையிலிருந்து கழியை வாங்கி, துண்டை அவிழ்த்தார். நான்காக மடித்தார். இடுப்பில் செருகிக்கொண்டார். ஈடு ஏதாவது செய்கிறேன் என்று நான் உளறினேன். "முறைக்கு இன்னா சார் ஈடு? சுத்தி வரும். வர்ற அன்னிக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறிக்கொண்டார். துண்டை வெளி ஆளிடம் கொடுத்தது அவர் என்பதால் அன்று ஊரில் பதில் சொல்ல வேண்டியிருந்ததும் அவர்தான். என்ன கேட்டார்கள், என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. அவர் சொன்னதில்லை; கேட்கும் தைரியம், சம்பளம் வாங்கும் மாதங்களில்கூட, எனக்கு வந்ததில்லை.

மதியம் அந்த இறால்காரப் பெண்களில் ஒருத்தி கூடாரத்துக்கு வந்தாள். கையில் ஒரு இலையில் ஏழெட்டு இறால்.

"பாப்பா புடிச்சது. உட்டுட்டுப் போயிடுச்சு."

வாங்கிக்கொண்டேன். அவள் போகாமல் நின்றாள்.

"மனசுல வச்சிக்காதீங்க. எங்க மேலயும் தப்புதான். அதுவா வந்து, 'இன்னா பண்றீங்க, நானும் பண்ணட்டா'னுச்சு. அந்த ஜாக்கெட்ட போட்டுகினு குந்தினா தண்ணி தூக்கிடுது, கயட்டி வச்சிட்டு வானு நாந்தான் சொன்னேன். ஒரே பேச்சு. உங்களப் பத்திதான்."

"என்னப் பத்தியா?"

"'அதோ தொப்பி போட்டுகினு நிக்கறாரே, அவருதான் எங்கப்பா'னுச்சு. உன் நைனாவா அதுனு நாங்க எட்டிப் பாத்தோம். 'ரொம்பப் பயந்தவரு, மூணு நாளா எனக்காகப் பயப்படாத மாதிரி நடிக்கறாரு'னுச்சு. நாங்க சிரிச்சோம். 'ஜூன் மாசத்துலேர்ந்து அவராண்டதான் இருக்கப் போறேன், அவருக்கு இன்னும் தெரியாது, இன்னிக்கு சாயங்காலம் சொல்லப் போறேன்'னுச்சு. பேசிகினே இருந்தா எறா ஓடிடும்னு நாந்தான் பறிய வாயில குடுத்துக் கவ்விக்கோனேன்."

அவள் போன பிறகும் அந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். இறால்களில் ஒன்று இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. சொல்வதற்கு எனக்கு ஒரு ஜோக் தேவைப்பட்டது. எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்த நேரத்தில் நான் கரையில் உட்கார்ந்து சோற்றுப் பானை தேய்த்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பிடி மணலை எடுத்து அவளும் தேய்த்தாள். காலையிலிருந்து மற்றப் பிள்ளைகள் அவளை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும், "உங்கப்பாவா? சொல்லவே இல்ல?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது.

"நான் சொல்லாமப் போனது தப்பு. தனிமைப் பயிற்சில எழுந்திருக்கவே கூடாது" என்றாள்.

"விசில் ஊதாதது என் தப்பு."

"ஊதியிருந்தா எழுந்து நின்னுருப்பேன்."

"தெரியும்."

பானையின் அடியில் ஒட்டியிருந்த பருக்கையை நகத்தால் சுரண்டினாள்.

"நான் அம்மாகூடப் போறேன்ப்பா."

"புனேலயும் ஏரி இருக்கு" என்றேன். "அங்க ஒரு கேம்ப் ஆரம்பிச்சா..."

"ஜோக் வேணாம்ப்பா." குரல் உடைந்தது. அவளே அதைச் சரிசெய்துகொண்டாள். "எனக்குக் கோபம் இல்ல. நெஜமா. ஆனா அவங்க எல்லாரும் வலைய விட்டுட்டு எனக்காக ஓடி வந்தாங்க. நான் ஒண்ணுமே ஆகாம நிக்கறேன். எதாவது ஆகியிருந்தா பரவால்லயேனு ஒரு செகண்ட் தோணிச்சு எனக்கு. அது எவ்ளோ கேவலமா இருந்துச்சு தெரியுமா?"

என்னால் பானையைத் தேய்க்க முடியவில்லை.

"மூணு நாள் நடிச்சுட்டீங்க. மூணு வருஷம் நடிக்க முடியாதுப்பா. பஸ் லேட்டானா துண்டு ஏறும். நான் ஃபோன் எடுக்கலன்னா துண்டு ஏறும். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து நின்னு, இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்னு காட்டிட்டே இருக்கணும். என்னால முடியாது."

காலையில் அவள் வேறு முடிவோடு இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண் சொன்னதை நானும் சொல்லியிருக்கலாம். சொல்லி அழுதிருந்தால் அவள் மனம் இளகியிருக்கும் என்றுகூடத் தோன்றுகிறது. அழுகையில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. வார்த்தை தொண்டைவரை வந்தது. நின்றேன். மூச்சு விட்டேன். அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் காய்ந்த சேறு ஒரு கோடாக இருந்தது. கண்கள் இரண்டு நாள் தூங்காதவை மாதிரி இருந்தன. யோசித்தேன். அப்புறம், "சரிம்மா" என்றேன்.

ஐந்து விரலையும் ஒழுங்காக மடக்கியது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

இறாலை அன்று எல்லாருக்குமாக வறுத்தோம். பதினான்கு பேருக்கு ஏழெட்டு இறால். எனக்கு வந்த துண்டு என் கட்டைவிரல் நகம் அளவு இருந்தது. மகள் பிடித்தது என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போதும் சீசன் வந்தால் பழவேற்காட்டுக்குப் போகிறேன். எலும்புக்கூடுகளைக் காட்டி அதே ஜோக்கைச் சொல்கிறேன், பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். துணைப் படகும் அதே படகுதான், அவரும் அதே நக்கலோடுதான் வருகிறார். அவருக்குப் பாடு இருக்கும் நாளில் நாங்கள் திட்டைவிட்டு நகர்வதில்லை, அன்று தண்ணீர்ப் பயிற்சி கிடையாது. துண்டு அவர் இடுப்பிலேயே இருக்கிறது. திரும்ப என் கைக்கு அது வரவில்லை. மகள் புனேவிலிருந்து கூப்பிடுவாள். நான் கூப்பிட்டு அவள் எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடுவதில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன்மேல் ஜெராக்ஸ் தாள் கட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்தப் பயணத்தின் நான்காம் நாள் மதியம், பொன்னேரி வழியாகச் சென்னை போகும் எங்கள் வாடகைப் பஸ் ஏரிக்கரையில் நின்றது. நானும் படகுக்காரரும் கயாக்குகளைச் சரக்கு வண்டியில் ஏற்றிய பிறகு, நான் அந்த வண்டியிலேயே பின்னால் போவதாக ஏற்பாடு. பிள்ளைகள் பயிற்றுநர்ப் பெண்ணோடு பஸ்ஸில். கடைசித் தலையெண்ணிக்கை மட்டும் என் வேலை. பஸ் படியில் நின்று, தாளைப் பிடித்துக்கொண்டு, "எண்ணுங்க" என்றேன்.

ஒன்று, இரண்டு என்று குரல்கள் வந்தன. பதினொன்று வந்தது. கொஞ்சம் இடைவெளி. கடைசி இருக்கையின் ஜன்னல் ஓரத்திலிருந்து, "பன்னெண்டு."

சரியாக இருந்தது. தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறந்துகொண்டு அப்படியே நின்றேன். ஓட்டுநர் எஞ்சினைப் போட்டார்.

கீழே நின்றிருந்த படகுக்காரர் பஸ்ஸின் தகரத்தைத் தட்டினார்.

"இன்னா சார், சரியா கீதா?"

"சரியா இருக்கு."

"உன் கணக்க நம்ப முடியாது சார்." முகத்தில் சிரிப்பே இல்லை. "இன்னொரு தபா எண்ணு."

ஓட்டுநர் சலித்துக்கொண்டு எஞ்சினை நிறுத்தினார். பிள்ளைகள் முனகினார்கள். நான் படியிலிருந்து உள்ளே ஏறி, மறுபடியும் எண்ணைச் சொல்லச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு இருக்கையாக நடந்து, ஒவ்வொரு முகத்தையும் பார்த்தபடி பின்னால் போனேன். யாரையும் வேகமாகக் கடக்கவில்லை.

"பதினொண்ணு" என்றான் கடைசிக்கு முந்தின இருக்கையில் இருந்த பையன்.

மகள் ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பன்னெண்டுப்பா" என்றாள்.

எண்ணிக்கை சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினேன்.